பூண்டும் ஈயமும்: பட்டுக்கோட்டையில் தொழில் தொடங்கும் இளம் சித்த மருத்துவருக்கு

முழுப் பூண்டுப் பல்லில் நெடி இல்லை. அல்லீன் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் அடைபட்டிருக்கின்றன. நசுக்கியதும் இரண்டும் கலந்து சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. கொதிநீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். தட்டிய பூண்டைப் பத்து நிமிடம் வைத்திருந்து அடுப்பில் சேர்த்தால் கந்தகச் சேர்மங்கள் ஓரளவு மிஞ்சும். முழுப் பல்லாகக் கொதியில் போட்டால் ருசியோடு சரி.

அல்லிசினும் நிலைத்து நிற்பதில்லை. டைஅல்லைல் டைசல்ஃபைடு முதலியவையாகப் பிரிந்து, உடலில் குளூட்டாதயோனுடன் வினைபுரிகிறது. கந்தக முனை கொண்ட அல்லைல் மெர்காப்டன் பிறப்பது அப்போதுதான். ஈயம், பாதரசம், காட்மியம் மூன்றுக்கும் கந்தகத்தின் மேல் தீராத நாட்டம். கல்வத்தில் பாதரசமும் கந்தகமும் அரைபட்டுக் கருப்பதை மருத்துவர் தம் கண்ணாலேயே பார்த்திருப்பார். நஞ்சாவதும் அதே நாட்டத்தால்தான்: ரத்தத்தின் ஹீமை உருவாக்கும் ஒரு நொதியின் கந்தக முனைகளில் ஈயம் உட்கார்ந்து, அங்கிருந்த துத்தநாகத்தைத் தள்ளிவிடுகிறது. சோகை அங்கே தொடங்குகிறது.

ஆனால் பிடியின் வலு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழு ஆர்சனிக் நச்சுக்கு முறிவாக டைமெர்காப்ரோலை உருவாக்கியது. அதில் அடுத்தடுத்து இரண்டு கந்தக முனைகள். நண்டுக் கொடுக்குபோல உலோகத்தை இருபுறமும் கவ்வும். அல்லைல் மெர்காப்டனுக்கு ஒரே முனை, பிடி தளர்வு.

ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர் 117 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு பூண்டுக்குச் சாதகமானது. நான்கு வாரம் பூண்டு மாத்திரை எடுத்தவர்களின் சராசரி ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 43 மைக்ரோகிராமிலிருந்து 35-ஆக இறங்கியது. டி-பெனிசிலமைன் என்ற உலோகம் நீக்கும் மருந்து எடுத்த குழுவிலும் பலன் ஏறக்குறைய அதுவே. ஊக்கம் தரும் செய்திதான். ஆனால் இறங்கிய பிறகும் 35 என்பது அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டுதல்படி 5 மைக்ரோகிராமிலேயே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும்.

அந்த வழி பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். தஞ்சை வட்டார அடுக்களையின் ஈயச் சொம்பு முறைப்படி வெள்ளீயத்தால் ஆனது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளிக்கரைசல் அதைக் கரைத்து இறக்கும். உள்ளே கொதிப்பது பூண்டு ரசமே ஆனாலும்! கலப்படம் பார்வைக்குத் தெரியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும். விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, ஈறோரம் நீலக்கோடு என்று வருபவரிடம் சொம்பைப் பற்றியும், பழைய பேட்டரி உடைக்கும் வேலையைப் பற்றியும், கருவங்கமோ (ஈயம்) லிங்கமோ (பாதரசக் கனிமம்) சேர்ந்த மருந்து உண்டாரா என்பதையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி சொந்தத் தொழிலைத் தொடுவதாலேயே விட்டுப்போகக் கூடாதது.

ரத்த அளவு பார்க்காமல் பூண்டுக் கற்பம் எழுதுவது முறையல்ல. குழந்தைக்கு 45 மைக்ரோகிராமை எட்டினால் உலோகம் நீக்கும் மருந்துக்காகத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பூண்டு மாத்திரை ரத்தம் உறைவதைத் தளர்த்தும்; வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவருக்கும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் அது ஆகாது.