எந்த கோல்டு ஃபிஷ்? முதுகைப் பாருங்கள்!

கடைத் தொட்டியில் எல்லா கோல்டு ஃபிஷ்ஷும் ஒன்றுபோலத் தெரிகிறதா? நிறத்தை நம்பாதீர்கள், வளர வளர அது மாறிவிடும். உடலமைப்பைக் கவனியுங்கள்.

• முதலில் வால். ஒற்றை வாலும் நீண்ட உடலும் இருந்தால் காமெட், ஷுபுன்கின் போன்றவை. இரட்டை வாலும் முட்டை வடிவ உடலும் இருந்தால் ஃபேன்ஸி வகை.

• அடுத்து முதுகுத் துடுப்பு. துடுப்பு இருந்து, தலையில் கொத்தாகச் சதை வளர்ந்திருந்தால் ஒராண்டா. சதை இல்லாமல், தலைக்குப் பின்னே கூன் எழும்பியிருந்தால் ரியூகின். கூனும் இல்லையா? ஃபேன்டெய்ல்.

• துடுப்பே இல்லாமல் தலையில் மட்டும் சதை இருந்தால் ரஞ்சு அல்லது லயன்ஹெட். முதுகு வில்லாக வளைந்து வாலருகே சட்டென்று இறங்கினால் ரஞ்சு; ஓரளவு நேராக இருந்தால் லயன்ஹெட். குஞ்சுகளில் சதை வளர்ந்திருக்காது, முதுகே அடையாளம்.

• கண்கள் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால் டெலஸ்கோப். அதில் கறுப்பு, பிளாக் மூர். கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கினால் பபிள் ஐ.

• செதில்கள் முத்துப் பதித்ததுபோல் புடைத்திருந்தால் பேர்ல்ஸ்கேல்.

இதெல்லாம் எதற்கு? காமெட் வேகமாக நீந்தி இரையை முந்திவிடும். பார்வை மங்கிய டெலஸ்கோப்பும் பபிள் ஐயும் பட்டினி கிடக்கும். வேகமானவற்றையும் மெதுவானவற்றையும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். பபிள் ஐ இருக்கும் தொட்டியில் கூரான கல், பிளாஸ்டிக் செடி வேண்டாம், நீர்ப்பை கிழிந்துவிடும்.