கோட்டைகளை ஜோடியாகப் பாருங்கள்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், மோன் பிளாங் மலையடியிலிருந்து டோரா பால்தேயா ஆற்றோடு இறங்கி வருகிறது அவோஸ்தா பள்ளத்தாக்கு. இங்கே சாலை எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் நிற்கும். இல்லாவிட்டால் பாறை மேல் ஓர் இடிந்த மதில் தெரியும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் பயணிக்குப் பெரும்பாடு. ஒரே நாளில் ஐந்து கோட்டைகளுக்குள் ஏறி இறங்கியவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். எந்த மாடிப்படி எந்தக் கோட்டையுடையது என்று அவர்களுக்கே குழம்பிவிடுகிறது. ஒன்றையொன்று விளக்குகிற இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பிடிபடும் என்பது என் அனுபவம்.

முதலில் சாலை

கோட்டைக்குள் நுழையும் முன் டொன்னாஸ் ஊரில் கொஞ்சம் நில்லுங்கள். ரோமானியர் மலைப்பாறையைச் செதுக்கிப் போட்ட சாலை அங்கே 200 மீட்டருக்கு மேல் அப்படியே இருக்கிறது. சாலைக்குக் குறுக்கே பாறையையே குடைந்து ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடம் கல்லில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்தப் பாதை அவோஸ்தா நகரம் வரை போய், அங்கிருந்து 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாய்க்கும், 2,188 மீட்டர் உயரத்திலுள்ள லிட்டில் செயின்ட் பெர்னார்டு கணவாய்க்கும் பிரிகிறது. வணிகர், யாத்ரீகர், படைகள் எல்லோரும் இந்த ஒரே வழியாகத்தான் போயாக வேண்டும். வழியைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சுங்கம் கிடைக்கும். இவ்வளவு கோட்டைகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

டொன்னாஸை அடுத்து, பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் பார்ட் கோட்டை. இன்று நிற்பது 1830க்கும் 1838க்கும் இடையே கட்டியது. இடைக்காலத்தைத் தேடிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடத்தின் பலத்தை இங்கேதான் உணரலாம். 1800 மே மாதம் கிரேட் செயின்ட் பெர்னார்டைத் தாண்டி சுமார் 40,000 பேருடன் இறங்கிய நெப்போலியன் படையை, இங்கிருந்த சில நூறு ஆஸ்திரிய வீரர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் மறித்து நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தெருவில் வைக்கோல் பரப்பி, ஓசை கேட்காதபடி இரவில் பீரங்கிகளை இழுத்துப் போனார்கள். பழைய கோட்டையை நெப்போலியன் தரைமட்டமாக்கச் சொன்னதில் வியப்பில்லை.

வெரேஸ் காலையில், இசோன்யே மாலையில்

எனக்குப் பிடித்த ஜோடி இது. ஆற்றின் இடக்கரையில் பாறை உச்சியில் வெரேஸ். எதிரே வலக்கரையில், ஊர் வீடுகளுக்கு நடுவே இசோன்யே. இரண்டும் ஷாலான் என்ற ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்தவை. அவோஸ்தாவின் வைகவுன்ட் பட்டத்தை 1295ல் சவோய் அரசகுடும்பத்திடம் ஒப்படைத்த பிறகும், பள்ளத்தாக்கில் செல்வாக்கு குறையாமல் வாழ்ந்த குடும்பம்.

வெரேஸ் கோட்டையை முடித்தவர் அந்தக் குடும்பத்து இப்லேத்தோ. ஆண்டு 1390 என்று கல்வெட்டு இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர் கொண்ட ஒரே கனசதுரம், இரண்டரை மீட்டர் தடிமன் சுவர். உள்ளே நடுமுற்றத்தைச் சுற்றி, கல் வளைவுகள் தாங்கிய மாடிப்படி ஏறுகிறது. தளவாடம் எதுவும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் ஆயுதங்களை பார்ட் கோட்டைக்கு மாற்றிய பின் கைவிடப்பட்ட கட்டடம் இது. வெறுமையாக இருப்பதால் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது: வாசலுக்கு மேலே எதிரியைத் தாக்குவதற்கான துளை, ஆளுயரக் கணப்பு, சமையலறையிலிருந்து உணவுக்கூடத்துக்குத் தட்டு நீட்டுகிற சுவர்த் திறப்பு. ஏற்றம் செங்குத்து, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

இறங்கி, ஆற்றைக் கடந்து இசோன்யேவுக்கு வந்தால் உலகமே மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய பண்ணைவீடு போலத்தான் இருக்கும். உள்முற்றத்தில் இரும்பில் அடித்த மாதுளை மரம். அதிலிருந்து தண்ணீர் வழிகிறது. மரத்தின் இலைகளை உற்றுப் பாருங்கள், அவை ஓக் இலைகள். 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோர்ஜோ த ஷாலான் இதை மாளிகையாக மாற்றினார்.

முற்றத்துத் தாழ்வாரத்தின் வளைவு ஓவியங்களுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். தையற்கடை, மருந்துக்கடை, இறைச்சிக்கடை, ரொட்டி சுடும் இடம், காய்கனிச் சந்தை, காவலர் அறை என்று அன்றைய கடைத்தெரு முழுக்க அங்கே இருக்கிறது. மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் சீஸ், இன்று நாம் சாப்பிடுகிற ஃபொன்டினாதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சுவர்களில் பல நூற்றாண்டுகளாக வந்துபோனவர்கள் கீறிவைத்த வரிகளும் நிறைய. சிதைந்து கிடந்த இந்த வீட்டை 1872ல் வித்தோரியோ அவோந்தோ என்ற ஓவியர் வாங்கி, பழைய தளவாடங்களைத் தேடிச் சேர்த்து, 1907ல் அரசுக்குக் கொடுத்தார். ஆகவே அறையில் காணும் நாற்காலியெல்லாம் அந்த அறையிலேயே பிறந்தவை என்று எண்ண வேண்டாம்.

பயந்து கட்டிய வீட்டுக்கும், பயம் தீர்ந்த பின் கட்டிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே நாளில் கண்முன் நிற்கும். வரிசையை மாற்றினால் சுவை குறையும்: இசோன்யேவின் வண்ணங்களுக்குப் பிறகு வெரேஸ் வெறும் கல்லாகத் தெரியும்.

ஃபெனிஸும் எதிர்ச்சரிவும்

அஞ்சலட்டைகளில் வருகிற கோட்டை ஃபெனிஸ். இரட்டை மதில், கொத்துக் கொத்தாகக் கோபுரங்கள். ஆனால் அது நிற்பது குன்றின் மேல் அல்ல, சாதுவான புல்வெளியில். போருக்குக் கட்டியதைவிட, பார்ப்பவரை மலைக்க வைக்கக் கட்டியது என்று சொல்லலாம். முற்றத்தில் அரைவட்டப் படிக்கட்டு. மேலே டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ். மரத் தாழ்வாரங்களில் பழைய பிரெஞ்சில் எழுதிய பழமொழிகளைச் சுருளில் ஏந்திய ஞானிகள். ஓவியங்கள் ஓவியர் ஜாக்கோமோ ஜாக்கேரியோவின் பட்டறையோடு தொடர்புடையவை. இதே கட்டடம் ஒரு காலத்தில் தொழுவமாகவும் தானியக் கிடங்காகவும் இருந்தது. 1895ல் கட்டடக்கலைஞர் அல்ஃப்ரேதோ தந்த்ராதே வாங்கிச் சீரமைத்திராவிட்டால் ஓவியங்கள் மிஞ்சியிருக்காது.

ஃபெனிஸுக்கு ஜோடி இன்னொரு கோட்டை அல்ல. எதிரே தெரியும் திராட்சைச் சரிவு. வாசலை விட்டு வந்ததும் ஆற்றுக்கு அப்பால் பாருங்கள். நூஸ், ஷம்பாவ் ஊர்களின் தோட்டங்கள் தெற்கு வெயிலைப் பார்த்தபடி படிப்படியாக ஏறுகின்றன. நீங்கள் நிற்கிற கரையோ பச்சையும் நிழலும். உயர்ந்த மலைகள் மழையை மறைப்பதால் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி வறண்டது. அதனால் இடைக்காலத்திலேயே பனியாற்று நீரை மலையோரமாகக் கொண்டுவர வாய்க்கால்கள் வெட்டினார்கள். அந்த வாய்க்கால் ஓரப் பாதைகளில் பல இன்று நடப்பவர்களுக்கு அருமையான சமதள வழிகள்.

ஊருக்கு ஊர் திராட்சை மாறும். டொன்னாஸில் நெபியோலோ, உள்ளூரில் பிகோதெந்த்ரோ என்பார்கள். ஷம்பாவில் மஸ்கட். மேலே மோர்ஜே, லா சால் பக்கம் 900 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் தாழ்ந்த பந்தல்களில் பிரியே பிளாங். திராட்சை வேரைத் தாக்கும் ஃபைலோக்ஸெரா பூச்சி எட்டாத உயரம் என்பதால் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளர்கிறது. கூட்டுறவு ஒயின் நிலையங்களில் சுவைத்துப் பார்த்து வாங்கலாம்.

புறப்படும் முன்

- உள்ளே பெரும்பாலும் வழிகாட்டியுடன், குறித்த நேரத்துக்குக் குழுவாகத்தான் விடுவார்கள். ஆங்கில விளக்கம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். குளிர்கால நேரமும் விடுமுறை நாளும் கோடையைப் போல் இருக்காது.

- இவ்ரேயா–அவோஸ்தா ரயில் பாதை மின்மயமாக்கலுக்காக 2024 தொடக்கத்தில் மூடப்பட்டு, மாற்றுப் பேருந்துகள் விடப்பட்டன. பயணத் தேதிக்குரிய நிலவரத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

- வாடகைக் காரில் போனால், ஓட்டுகிறவர் ஒயினைத் தொடாமல் பாட்டிலாக வாங்கிக்கொள்வது நல்லது. இத்தாலியில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். மலைச்சாலை அந்த அளவுக்குக்கூட இடம் தராது.

- ஃபொன்டினா சேர்த்த பொலென்டா என்ற மக்காச்சோளக் களியில் இறைச்சி இருக்காது, ஆனால் அந்தச் சீஸைக் கன்றின் ரென்னெட் கொண்டு உறையவைப்பதால் கண்டிப்பான சைவ உணவுக்காரர்களுக்கு ஒத்துவராது. வால்பெலீன் சூப்பில் ரொட்டியும் சீஸும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வது வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

- செப்டம்பர், அக்டோபரில் போங்கள். அறுவடையும் நடக்கும், கோடைக் கூட்டமும் குறைந்திருக்கும். கல் கட்டடங்களுக்குள் அப்போதே குளிரும் என்பதால் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வெரேஸும் இசோன்யேவும் போதும். இரண்டாவது நாள் கிடைத்தால் ஃபெனிஸுக்கும் ஷம்பாவுக்கும் கொடுங்கள். மற்றக் கோட்டைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அவற்றைக் கட்டியவர்களும் வழிப்போக்கர் கண்ணில் படவேண்டும் என்றுதானே அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.