ஓடத்து நீரை மின்சாரத்தால் இறைத்தல்

தேங்காய்ப்பட்டணம் குழித்துறைத் தாமிரபரணி கடலொடு கலக்குமிடம். அம்முகத்தில் ஆற்றொழுக்கும் அலையும் எதிர்த்து மோதுதலானும் மணல் மேடிடுதலானும் படகுகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. இக்கரையார் பண்டுதொட்டு ஏறிச்சென்ற கட்டுமரத்துக்கோ நீரிறைக்குங் கவலை இல்லை. ஏறிய நீர் கட்டைகளின் இடைவெளி வழியே தானே வடிந்துவிடும். உட்குழிந்த வள்ளம் அத்தகையதன்று. ஆயினும் வள்ளத்தில் ஒருவர் துடுப்பிட மற்றொருவர் சிரட்டையாலேனும் இறைத்துக்கொள்ளலாம்.

கயாக்கு என்பது பெரும்பாலும் ஒருவரே செலுத்தும் சிற்றோடம். வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு வேட்டுவர் தோல் போர்த்துச் செய்த அது, இக்காலத்தில் ஒட்டுப்பலகையாலும் பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகின்றது. அதனுட் புகுந்த 50 லிட்டர் கடல்நீர் 50 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. ஓடம் சாயும் பக்கமே அதுவும் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். இறைத்தற்குக் கையை எடுத்தால் துடுப்பு நிற்கும். துடுப்பு நின்றால் அலை கவிழ்க்கும். மின்பம்பு வேண்டப்படுவது இதன்பொருட்டே.

தமிழ் பயில்வானுக்கு ஆம்பியர்க் கணக்கு எதற்கென நண்பர் நகைப்பர், கணக்கு எளிதே. நிமிடத்துக்கு 30 லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்துதற்கு உண்மையில் வேண்டுவது ஏறக்குறைய 5 வாட்டு. சிறு பம்பு பெரும்பகுதியை வீணாக்குதலின், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர், அஃதாவது 36 வாட்டு, கொள்ளும் எனக் கொள்வோம். அங்ஙனமாயினும் மேற்சொன்ன 50 லிட்டரும் இரண்டு நிமிடத்துக்குள் வெளியேறும். 7 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி கணக்கின்படி இரண்டேகால் மணிக்கு மேல் ஓட்டவேண்டும். ஆனால் அவ்வளவு 20 மணிநேரம் மெல்லச் செலவழித்து அளந்ததாகலின், விரைந்து எடுக்குங்கால் அத்துணை கிடையாது. எனினும் இவ்வேலைக்கு மிகுதியே. லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பாட்டரி விலை மிக்கதேனும் பாதிக்குங் குறைந்த எடையுடையது.

ஆகவே இடர்ப்பாடு ஆற்றலில் இல்லை, உப்புநீரில் உள்ளது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். நேர்முனைக் கம்பி சிறிது வெளிப்பட்டிருப்பினும் பச்சை பூத்து அரிக்கப்படும். ஈயப் பாட்டரியிற் கடல்நீர் புகுந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு எழக்கூடும். ஆதலின் பாட்டரி நீர்புகாப் பெட்டியுள், ஓடத்தின் நடுவில், தாழ்வாக, அசையாது கட்டப்படல் வேண்டும். நேர்முனையை அடுத்து 5 ஆம்பியர் பியூசு ஒன்று அமைக்க. சுவிட்சுக்கெனப் பெட்டியைத் துளைத்தால் நீர் வழிகண்டுகொள்ளும். வெளியே காந்தத்தை அணுகவைத்தால் உள்ளே மூடிக்கொள்ளும் கண்ணாடிக்குழல் சுவிட்சுக்குத் துளை வேண்டா. அது சிறு மின்னோட்டமே தாங்குமாதலின், மோட்டாருக்கு இடையே ரிலே ஒன்று வேண்டும். இம்முறை எனக்குப் பெரிதும் உவப்பானது.

கம்பியை மெல்லிதாக்கிச் சிக்கனஞ் செய்யற்க. பாட்டரிக்கும் பம்புக்கும் இடையே 3 மீட்டராயின், போக்குவரவில் 6 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில் 0.3 வோல்ட்டுக் குறையும். அதனிற் பாதிப் பருமனாயின் இழப்பு இருமடங்காம்.

இத்தனையும் செய்தபின்னும், கயிற்றிற் கட்டிய கைப்பம்பு ஒன்று ஓடத்திற் கிடத்தல் வேண்டும்.