மூக்கைத் திருத்த இரண்டு மூன்று மணி நேரம், அது அடங்க ஓராண்டு

பிறந்த குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கை இரண்டு விரலால் பிடித்து நீவிவிடுவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. "இப்பவே உருவி விட்டாத்தான் எடுப்பா வரும்" என்பார் குளிப்பாட்டும் பாட்டி. வராது. மூக்கின் மேல்பக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பு, மீதி குருத்தெலும்பு. பதின்பருவம் முடியும்வரை அது வளர்கிறது. எந்த வடிவில் வளர வேண்டும் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபணுவின் வேலை. மெல்ல நீவுவதோடு நின்றால் கெடுதல் இல்லை. மூக்குத் துளையில் எண்ணெய் விட்டு ஊதுகிறார்களே, அதுதான் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இதே நம்பிக்கைதான் இப்போது ஆன்லைன் கடையில் பிளாஸ்டிக் கிளிப்பாக விற்கிறது. தினமும் பதினைந்து நிமிடம் மாட்டினால் மூக்கு கூராகுமாம். தோல் சிவக்கும், கழற்றியதும் பழையபடி ஆகிவிடும். மூக்கின் வடிவத்தை நிரந்தரமாக மாற்ற அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. பெண்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதுக்கு முன்பும், பையன்களுக்கு அதைவிட ஓரிரண்டு வருடம் கழியும் முன்பும் அழகுக்காக அதைச் செய்வதில்லை.

"என் மூக்கு ரொம்ப அகலம், செல்ஃபியில பாருங்க டாக்டர்." இப்படி போனை நீட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 12 அங்குலத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபி, ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு என்பதால் வரும் கோளாறு அது. கத்தியால் தீராது.

அடுத்தது நடிகையின் படம். "இந்த மாதிரி மூக்கு வேணும்" என்று ஒரு படத்தைக் காட்டுவதில் தவறில்லை, உங்கள் ரசனை மருத்துவருக்குப் புரியும். ஆனால் அந்த மூக்கு கிடைக்கும் என்று நினைப்பது வேறு விஷயம். மருத்துவர் செதுக்குவதும் சேர்ப்பதும் உள்ளே இருக்கும் எலும்பு, குருத்தெலும்புச் சட்டத்தைத்தான். அதன்மேல் உங்கள் தோல் வந்து படிய வேண்டும். கட்டில் சட்டத்தின் மேல் மெல்லிய வேட்டியை விரித்தால் ஒவ்வொரு விளிம்பும் தெரியும். கம்பளியை விரித்தால் தெரியாது. நம் ஊரில் பலருக்கு மூக்கு நுனியில் தோல் தடிப்பு, எண்ணெய்ப்பசையும் அதிகம். இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கூர்மை வராது, நுனி உருத்தெரியாமல் போகும். பெரும்பாலும் குறைப்பதைவிடத் தாங்கு கொடுப்பதுதான் வேலை. அதற்கான குருத்தெலும்பை மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ, காதிலிருந்தோ, தேவைப்பட்டால் விலாவிலிருந்தோ எடுக்கிறார்கள். 'உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்கள், வெயிலில் உருகும்' என்கிற பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை. சிலிகான் வைப்பதும் உண்டு. ஆனால் அதில் தொற்று வருவதும், வருடங்கள் கழித்துத் தோலைத் துளைத்து வெளியே வருவதும் தெரிந்த சிக்கல்கள்.

நடுச்சுவரிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. முன்பக்கமும் மேல்பக்கமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு நடுவில் குழிந்துவிடும். மூச்சும் இதோடு சம்பந்தப்பட்டது. 'அழகு வேறு, மூச்சு வேறு' என்பது சரியல்ல. அளவுக்கு மீறி ஒடுக்கிய மூக்கு, ஆழமாக மூச்சிழுக்கும்போது பக்கவாட்டில் உள்வாங்கி அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே நடுச்சுவர் வளைந்திருப்பவருக்கு இரண்டையும் ஒரே தடவையில் சரிசெய்வது வழக்கம்தான்.

இனி குணமாகும் கதை. அதிகமாகத் தப்புக்கணக்கு போடுவது இங்கேதான். வலி தாங்க முடியாது என்று பயப்படுகிறார்கள். பலர் சொல்வது வலியைவிட அடைப்பைப் பற்றித்தான்: வாயால் மூச்சு விடுவது, தொண்டை வறள்வது, தூக்கம் கெடுவது. கண்ணைச் சுற்றி நீலமும் கறுப்புமாக வரும் கன்றல் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். பத்து, பதினைந்து நாளில் மஞ்சளாகி மறையும். மேலே வைத்த கட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பார்கள். அன்று கண்ணாடி முன் நிற்பவர்களில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. வீங்கிய, மேல்நோக்கித் தூக்கிய, தனக்கே அந்நியமான ஒரு மூக்கு அங்கே இருக்கும். அது முடிவல்ல என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வீக்கத்தில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் வடிந்துவிடும். மிச்சம், அதிலும் நுனியில் இருப்பது, ஓராண்டு எடுத்துக்கொள்ளும். தடித்த தோலுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். உடனே வீட்டில், "தலைக்குக் குளிச்சே, நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். தலைக்குக் குளித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. இரவெல்லாம் படுத்திருந்ததால் திசுவில் தங்கிய நீர் அது. தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்வது அதனால்தான். முதல் வாரம் கட்டு நனையக் கூடாது என்பது மட்டும் உண்மை. நுனி சில மாதம் மரத்துக் கிடக்கும், சிரிக்கும்போது மேலுதடு இறுக்கமாகத் தெரியும். இதுவும் தானாகவே சரியாவதுதான் வழக்கம்.

மூக்கடைப்பா, ஆவி பிடி என்பது நம் கைவைத்தியம். இந்த நேரத்தில் வேண்டாம். சூடு பட்டால் ரத்தக்குழாய் விரிந்து கசியும். மருத்துவர் தரும் உப்புநீர் ஸ்பிரே போதும். மூக்கைச் சிந்தவும் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

அப்புறம் பத்தியம். பருப்பு போட்டால் சீழ் வைக்கும், முட்டையும் மீனும் புண்ணைக் கிளறும், கத்தரிக்காயைத் தொடாதே. அறுவை முடிந்த வீட்டில் இந்தப் பட்டியல் எப்படியும் வந்துவிடும். சீழ் வைப்பது கிருமி, சாம்பார் அல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். ரசமும் சாதமுமாகப் பத்து நாள் ஓட்டுபவர் உடம்பின் கையைக் கட்டிவிடுகிறார். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அவரவர்க்கு ஒத்துக்கொள்ளாததைத் தவிர்க்கட்டும். உண்மையிலேயே நிறுத்த வேண்டியவை வேறு. முதலாவது சிகரெட், அறுவைக்குச் சில வாரம் முன்பிருந்தே. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற ரத்தக்கசிவைக் கூட்டும் மாத்திரைகளும், மீனெண்ணெய், பூண்டு மாத்திரை போன்றவையும் மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டியவை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தினால் அது இன்னொரு ஆபத்து.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பலரும் முன்கூட்டிக் கேட்காத ஒன்று: எலும்பை நகர்த்தியிருந்தால் நாலைந்து வாரமாவது கண்ணாடியின் பாரம் மூக்கின்மேல் உட்காரக் கூடாது. மூக்குத்தியை அறுவைக்கு முன் கழற்றியாக வேண்டும். வருடக்கணக்காகத் திருகாணி இறுகிப் போயிருப்பவர்கள் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் முன்பே ஆசாரியிடம் போய்விடுவது நல்லது.

"கத்தியே வேணாம், ஊசியில முடிச்சிரலாம்" என்று அழகு நிலையங்கள் விளம்பரம் செய்யும் ஃபில்லர் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மதிய உணவு இடைவேளையில் முடிகிற வேலை என்கிறார்கள். ஊசியால் மேடு கூட்டலாம், மூக்கைச் சிறிதாக்க முடியாது. ஓராண்டு முன்பின்னாகக் கரைந்தும் போகும். அது பரவாயில்லை. மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. ஜெல் ஒரு குழாய்க்குள் ஏறிவிட்டால் மூக்குத் தோல் செத்துப்போகலாம், பார்வையே போகலாம். முகத்தில் ஃபில்லருக்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கு ஒன்று. அடைப்பு வந்த நிமிடமே கரைக்கும் மருந்தைப் போடத் தெரிந்த மருத்துவர் இல்லாத அறையில் அந்த ஊசிக்கு மூக்கைக் காட்டக் கூடாது.

மூக்கைத் திருத்துவதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த மோகம் என்பாரும் உண்டு. பாதிதான் சரி. மூக்கறுப்பதைத் தண்டனையாக வைத்திருந்த நாடு இது, எனவே மூக்கு ஒட்டும் கலையும் இங்கே வளர்ந்தது. கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு செய்வதைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி பிடிபட்டு மூக்கை இழந்தார். பின்னர் புனே பக்கத்தில், செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார். லண்டன் பத்திரிகை ஒன்றில் 1794இல் அது படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்துகாட்டினார். ஆக, இழந்த மூக்கைத் திரும்பத் தருவது இங்கிருந்து போனது. இருக்கும் மூக்கை இன்னும் அழகாக்குவது மட்டும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் மாநிலத்திலும் பெர்லினிலும் தொடங்கியது.

'சரியாக வரவில்லையென்றால் அடுத்த மாதமே திருத்திக்கொள்ளலாம்' என்ற நினைப்பும் வேண்டாம். திறமையான கைகளிலும் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேர்வரை மறுதிருத்தத்துக்கு வருவதுண்டு. வீக்கம் வடிந்து தழும்பு இளக ஓராண்டாவது காத்திருந்துதான் அதைச் செய்வார்கள், முதல் தடவையைவிடக் கடினமும்கூட. மூன்றாவது, நாலாவது அறுவைக்கு அலைபவர்களில் சிலருக்குக் குறை மூக்கில் இல்லை. இல்லாத குறையைக் கண்டு வாட்டும் மனநோய் அது. நல்ல மருத்துவர் அவர்களை மனநல மருத்துவரிடம்தான் அனுப்புவார்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் போகாதீர்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு தவிர, அழகுக்கான அறுவையை இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. மற்ற சிகிச்சைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குக் கிடையாது. சொல்லும் தொகையில் மயக்க மருத்துவர் கட்டணம், அறை வாடகை எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். மறுதிருத்தம் தேவைப்பட்டால் யார் பணம் கட்டுவது என்பதையும் முதல் அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.