பர்ல் பின்னல்: பச்சிளங்குழந்தையின் குல்லாய்க்கு ஒரு பாடம்

திருக்கோஷ்டியூர் போன்ற வெயில் மிகுந்த ஊரில் குழந்தைக்குக் குல்லாய் எதற்கு என்று எங்களிடம் கேட்போர் உண்டு. பச்சிளங்குழந்தையின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையே. 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பும் குறைவு. ஆகவே ஈரத்தலையில் படும் மின்விசிறிக் காற்றுகூட அதன் உடல்வெப்பத்தை 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறக்கிவிடலாம். உடல் குளிர்ந்த குழந்தை சோர்ந்து, பால் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும்.

குல்லாயின் விளிம்பு தலையை இறுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது. இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாற்றி மாற்றிப் பின்னிய விளிம்பு ரப்பர் இல்லாமலே விரிந்து சுருங்கும். அதற்குப் பர்ல் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆங்கில முறையில் நூல் வலக்கையில் இருக்கும். கான்டினென்டல் முறையில் இடக்கையில் இருக்கும். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானுக்குக் குரோஷா வேலை செய்து பழகியோருக்குப் பின்னது எளிது; குரோஷாவிலும் நூலை இடக்கையே தாங்குகிறது.

செய்முறை:

1. நூலை இடக்கைச் சுட்டுவிரலின்மேல் ஓடவிட்டு, பின்னலுக்கு முன்புறம், அதாவது உங்கள் பக்கம், வைத்துக்கொள்ளுங்கள்.

2. வலக்கை ஊசியை முதற்கண்ணிக்குள் வலமிருந்து இடமாக நுழையுங்கள். அதன் முனை இடக்கை ஊசிக்கு முன்னே நிற்க வேண்டும்.

3. நூலை வலக்கை ஊசியின் மேலாக இட்டு, இரு ஊசிகளுக்கும் இடையே கீழிறக்குங்கள். சுட்டுவிரலைத் தாழ்த்தி நூலைத் தளராமல் பிடியுங்கள். நூல் அடியிலிருந்து மேலேறினால் கண்ணி திரும்பி நிற்கும்.

4. ஊசிமுனையைப் பின்னோக்கித் தள்ளிப் புதிய கண்ணியை எடுத்தபின், பழைய கண்ணியை நழுவ விடுங்கள்.

முதலில் 24 கண்ணிகள் ஏற்றி, பர்ல் மட்டும் சில வரிசைகள் பழகுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நிட், இரண்டு பர்ல் பின்னுங்கள். நிட்டுக்கு முன் நூலை ஊசிகளின் இடையே பின்புறமும், பர்லுக்கு முன் முன்புறமும் கொண்டுவர மறவாதீர்கள். மறந்தால் வேண்டாத கண்ணி ஒன்று கூடிவிடும்.

மென்மையான பருத்தி நூலே ஏற்றது. கொட்டானுக்கு அழகு தரும் மணிகளும் தொங்கும் கயிறுகளும் குழந்தையின் குல்லாய்க்கு ஆகா. துவைத்து, நன்கு உலர்த்திய பின்பே அணிவியுங்கள். நனைந்தால் உடனே கழற்றுங்கள். வியர்த்தாலும் கழற்றிவிடுங்கள்.

பின்னுவோரும் தம் கைகளைக் காக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை நீட்டி ஓய்வு கொடுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகள் அது அகற்றப்படும்வரை பொறுத்திருங்கள்.

குல்லாய் அணிவித்ததோடு கடமை முடிந்துவிடாது. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்துப் போர்த்துங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால், அணைத்தபடியே உடனடியாகச் செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் அவ்வாறே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.