சித்தூர் கேட்ட சங்கீதம்

சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய உண்டு. திருவிழா வந்தால் பகலில் பாரதக் கதை சொல்வார்கள். இரவில் கூத்து நடக்கும். விடியும்வரை மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டும் கதையும் இந்த மக்களுக்குப் புதிதல்ல.

ஆனால் கச்சேரி வேறு. அது பட்டணத்துச் சபாவில் நடந்தது. ரயில் ஏறிப் போக வேண்டும். டிக்கெட் வாங்க வேண்டும். பெரிய கோயில் உற்சவத்திலும் பணக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் வித்வான்கள் பாடுவார்கள். அங்கும் எல்லாரையும் பக்கத்தில் உட்கார விட்டதில்லை.

இந்த நிலையை ஒரு பெட்டி மாற்றியது. அதுதான் ரேடியோ.

1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1948இல் விஜயவாடா நிலையம் வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. பின்னர் கடப்பாவிலும் திருப்பதியிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டன. எல்லைப்புற ஊர்களுக்கு இதில் ஒரு லாபம் இருந்தது. முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் தமிழ் கேட்கும். மறுபக்கம் திருப்பினால் தெலுங்கு கேட்கும். சங்கீதத்துக்கு இரண்டும் வேண்டும். பாடுகிறவர் தமிழர், பாட்டு தெலுங்கு என்பது கச்சேரியில் சாதாரணம்.

தொடக்கத்தில் ரேடியோ விலை அதிகம். வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். அதனால் பலர் பஞ்சாயத்து ரேடியோவின் முன் கூடினார்கள். டீக்கடையில் நின்று கேட்டார்கள். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ரேடியோ கூலிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது.

அந்தக் காலத்தில் வானொலியின் ஒரு நாள் எப்படி இருந்தது?

விடியற்காலையில் முதலில் ஒரு மெட்டு கேட்கும். தம்புரா சுருதியோடு வயலின் ஒலிக்கும். வார்த்தை இராது. இந்த மெட்டை 1930களில் அமைத்தவர் வால்டர் காஃப்மன். இவர் ஐரோப்பாவில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்குப் பயந்து பம்பாய்க்கு வந்தவர். அங்கே வானொலியில் வேலை பார்த்தார். ஒரு அகதி அமைத்த மெட்டைக் கேட்டுத்தான் நாடு முழுவதும் பல வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள்.

அடுத்து மங்கல இசை. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். பிறகு பக்திப் பாடல்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. திருமலைக் கோயிலில் அதிகாலையில் சொல்லப்படும் பாடல் அது. முன்பு சன்னதியில் நின்ற சிலருக்குத்தான் கேட்டது. வானொலி அதை மாட்டுக் கொட்டகை வரைக்கும் கொண்டுவந்தது.

திருமலைக்கு இன்னொரு பாட்டுக் கதையும் உண்டு. அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். வேங்கடவன் மேல் ஆயிரக்கணக்கில் தெலுங்குப் பாடல்கள் பாடினார். அவருடைய மகன் காலத்தில் அவை செப்பேடுகளில் வெட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். கோயிலுக்குள் ஒரு சிறு கல்லறையில் வைத்தார்கள். பிறகு மக்கள் அவற்றை மறந்துபோனார்கள். நானூறு ஆண்டு கழித்து, 1920களில்தான் அறிஞர்கள் எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள்.

செம்பு கறையான் அரிக்காத பொருள். எழுத்து அப்படியே இருந்தது. பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயரும் இருந்தது. ஆனால் சுரக்குறிப்பு இல்லை. அன்னமாச்சாரியார் எந்த மெட்டில் பாடினார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பாட்டு கிடைத்தது, மெட்டு போய்விட்டது. ஒரு தலைமுறை பாடாமல் விட்டாலும் மெட்டு போய்விடும். இது மிகப் பெரிய நஷ்டம்தான்.

ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893-1979) என்பவர் தெலுங்குப் புலவர், சங்கீதமும் அறிந்தவர். மைசூரில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் திருப்பதிக்கு வந்தார். ஏடுகளைப் பார்த்துப் பாடல்களைப் பதிப்பித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்துச் சுரப்படுத்தினார். பிறகு வேறு பலரும் மெட்டமைத்தார்கள். வானொலியிலும் இசைத்தட்டிலும் அந்தப் பாடல்கள் பரவின. எழுத்துத் தெரியாத பெண்கள்கூட அவற்றைக் கேட்டே பாடமாக்கினார்கள்.

மாலையில் நாடகம், உரைச்சித்திரம், ஹரிகதை வரும். ஹரிகதையில் ஒரு சங்கடம். ஊரில் பாகவதர் நள்ளிரவு வரை சொல்வார். வானொலியில் கடிகாரம் விடாது. நேரம் முடிந்தால் கதையும் முடிய வேண்டும்.

எல்லாரும் சாஸ்திரிய சங்கீதத்தையே விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. 1952இல் கேஸ்கர் என்பவர் ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் சினிமாப் பாட்டைக் குறைத்தார், கச்சேரிகளைக் கூட்டினார். டீக்கடைக்காரர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் சினிமாப் பாட்டு முழுமூச்சாகத் திரும்பி வந்தது. ஆனால் கேஸ்கர் காலத்து நல்ல காரியம் ஒன்று நிலைத்தது. அது 1952இல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி. சனிக்கிழமை இரவு ஒரே கச்சேரியைப் பல நிலையங்கள் ஒலிபரப்பின. வடநாட்டு சிதாரும் ஷெனாயும் சித்தூர்த் திண்ணைக்கு வந்தது இப்படித்தான்.

வானொலியில் பாடுவதற்குக் குரல் தேர்வு உண்டு. தேறியவர்களைத் தரம் பிரிப்பார்கள். 1950களில் சில வித்வான்கள் இதை எதிர்த்தார்கள். தங்களுக்கே பரீட்சையா என்று கேட்டார்கள். ஆனால் பெயர் இல்லாத ஊர்க் கலைஞர்களுக்கு இந்தத் தேர்வு ஒரு கதவைத் திறந்தது.

2016 ஜனவரி 26 முதல் ஆகாசவாணி ‘ராகம்’ என்று தனி அலைவரிசை நடத்துகிறது. அதில் இரவும் பகலும் சாஸ்திரிய சங்கீதம்தான். கைப்பேசியிலும் கேட்கலாம்.

கச்சேரிக்கு முன் அறிவிப்பாளர் பாடுபவர் பெயரைச் சொல்வார். வயலின் யார், மிருதங்கம் யார் என்பார். பாட்டுக்கு முன் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் வரும். எழுதப் பழகியவர்கள் இவற்றை ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். அதே ராகத்தின் பெயர் மறுபடி வரும்போது பழைய பாட்டை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்துப் பாட்டு சேர்ந்தால் மோகனம் எது, கல்யாணி எது என்று அறிவிப்புக்கு முன்பே காது சொல்லிவிடும்.