பின் அச்சின் எண்ணெய்: எப்போது மாற்றுவது?

சரக்கு வண்டி வைத்துத் தொழில் செய்வோர் எஞ்சின் எண்ணெயைப் பெரும்பாலும் மறப்பதில்லை. அளவு பார்க்க அதற்கொரு குச்சி உண்டு. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் முகப்பில் சிவப்பு விளக்கும் எரியும். பிக்-அப் வண்டியின் பின் அச்சின் நடுவே குடம்போல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கோ குச்சியும் இல்லை, விளக்கும் இல்லை. அங்கே எண்ணெய் குறைந்ததையோ கெட்டதையோ உரிமையாளர் அறிவது, பெரும்பாலும் பின்புறத்தில் ஊளைச் சத்தம் எழுந்த பிறகுதான். அந்நிலையில் எண்ணெயை மாற்றினாலும் தேய்ந்த பற்கள் மீள்வதில்லை.

கடன் பெற்று வாங்கிய வண்டிக்கு இது கூடுதல் கவலை. வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. வழக்கமான வாகனக் காப்பீடு விபத்துச் சேதத்தை ஏற்கும். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்காது. ஆகவே, இந்த எண்ணெயை எப்போது மாற்றுவது என்பது பராமரிப்புக் கேள்வி மட்டுமன்று. வருமானத்தைக் காக்கும் கேள்வியும் ஆகும்.

எண்ணெயின் பணி

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடமளிப்பதோடு, எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பி அனுப்புவதும் டிஃபரன்ஷியலின் வேலை. பினியன் என்னும் சிறு பற்சக்கரம் கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பல வண்டிகளில் பினியன், கிரௌனின் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தப்பட்டிருக்கும். இதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மீது ஒன்று வழுக்கவும் செய்கின்றன. சுமை மிகும்போது அவற்றிடையே உள்ள எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறப் பார்க்கும். அதைத் தாங்கவே இவ்வெண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. வெப்பத்தாலும் ஈரத்தாலும் அவை நாளடைவில் வலுவிழக்கும். எஞ்சினில் இருப்பதுபோல் இங்கே பொதுவாக வடிகட்டியும் கிடையாது. தேய்ந்த உலோகத்துகள் எண்ணெயிலேயே சுழலும்.

எத்தனை கிலோமீட்டர்?

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. உங்கள் வண்டியின் கையேடு கூறுவதே அடிப்படை. ஆனால் பல கையேடுகள் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஓர் இடைவெளியையும், கடுமையான பயன்பாட்டுக்குக் குறுகிய இடைவெளியையும் தருகின்றன. முழுச்சுமை, மலைப்பாதை, புழுதிச்சாலை, நீர் தேங்கிய தெரு ஆகியவை கடுமையான பயன்பாட்டைச் சேர்ந்தவை. சரக்கு ஏற்றும் வண்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையில்தான் அடங்கும்.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டின் கையேடும் சாதாரணப் பயன்பாட்டுக்கு 40,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு, கடுமையான பயன்பாட்டுக்கு 20,000 கி.மீ. என்று கூறுவதாகக் கொள்வோம். முதல் வண்டி நாசிக்கில் வெங்காயம் ஏற்றி, கசாரா மலைப்பாதையில் இறங்கி, நவி மும்பையின் வாஷி சந்தைக்குச் செல்கிறது. திரும்பும்போது வேறு சரக்குடன் அதே மலையில் ஏறுகிறது. போகவர ஏறத்தாழ 340 கி.மீ.; மாதம் 20 நடை என்றால் 6,800 கி.மீ. அதற்கு 20,000 கி.மீ. என்பது மூன்றே மாதம். ஆண்டுக்கொரு முறை மாற்றினால் போதும் என்று இவ்வுரிமையாளர் இருந்துவிட்டால், நான்கு முறை மாற்ற வேண்டிய எண்ணெய் ஒருமுறைதான் மாற்றப்படும்.

இரண்டாவது வண்டி இந்தூர் நகருக்குள் கடைகளுக்கு ரொட்டி கொண்டு செல்கிறது. சுமை குறைவு, மாதம் 1,000 கி.மீ. ஓட்டம். 40,000 கி.மீ. எட்ட மூன்று ஆண்டுக்கு மேலாகும். இதற்குக் காலக்கெடுவே முந்தும். கிலோமீட்டர், காலம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதையே கொள்ள வேண்டும். புதிய வண்டியில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது துகள் சற்று அதிகம் உதிரும். முதல் மாற்றத்துக்குக் கையேடு தனித் தூரம் குறித்திருந்தால் அதைத் தவறவிடலாகாது.

மழைக்காலம் தனி விதி. ஓடிச் சூடான அச்சு வெள்ளநீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத்துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சக்கூடும். அச்சு அளவுக்கு நீரில் சென்ற வண்டியின் எண்ணெயை உடனே பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால், கெடு வராவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

• கையேடு குறிப்பிடும் தரமும் தடிமனும் கொண்ட எண்ணெயையே கேளுங்கள். ஜி.எல்.-5 என்று குறித்த இடத்தில் ஜி.எல்.-4 போதாது.
• சற்று ஓட்டி எண்ணெய் இளஞ்சூடான பின், சமதளத்தில் நிறுத்தி வடிக்க வேண்டும்.
• எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் கழற்றச் சொல்லுங்கள். வடித்த பிறகு அது திறக்கவில்லையெனில் வண்டி நகர முடியாமல் நிற்கும்.
• வடிகால் மூடியில் காந்தம் இருந்தால் பாருங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே பழுது உள்ளது.
• பொதுவாக ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்புவது சரியான அளவு. அதற்கு மேல் திணித்தால் சீல் வழியே கசிந்து பின் பிரேக்கை நனைக்கக்கூடும்.
• காற்றுத்துளை அடைபட்டிருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் அது முறையாகக் கையாளப்பட வேண்டிய பொருள், பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

செலவைத் திட்டமிடுதல்

எண்ணெயும் கூலியும் சேர்த்து ஒரு முறைக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால், 20,000 கி.மீ. இடைவெளியில் கிலோமீட்டருக்கு 10 பைசா ஆகிறது. நாசிக் வண்டிக்கு மாதம் 680 ரூபாய். இந்தூர் வண்டிக்கு, 2 ஆண்டுக்குப் பகிர்ந்தால், மாதம் 85 ரூபாய்க்குள். தவணை கட்டும் நாளிலேயே இத்தொகையையும் தனியே ஒதுக்கினால் கெடு வரும்போது பணமில்லை என்று தள்ளிப்போட நேராது.

மாற்றிய தேதி, ஓடிய தூரம், எண்ணெயின் தரம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதுடன் வண்டியிலேயே வையுங்கள். ஓட்டுநர் மாறினாலும் கெடு மறக்காது. வண்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்கு நம்பிக்கையும் தரும்.